பிரேக் பேடை ஒருமுறையாவது நீங்களே மாற்றுங்கள்

"இங்கே லேபர் சீப். நீ எதுக்குக் கையை அழுக்காக்கிக்கிறே?" வளைகுடாவில் வளர்ந்த நம்மில் பலர் வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்த வசனம் இது. பஞ்சர் டயர் முதல் சுவரில் ஆணி அடிப்பது வரை இதே பதில்தான். மற்றதில் எப்படியோ, பிரேக் விஷயத்தில் இந்த வசனம் ஆபத்தானது என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 830 கிலோ ஜூல். 60-இல் இருப்பதைப்போல நான்கு மடங்கு. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்குகிறது. புதுப் பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இடையில் உள்ள அந்த ஏழு மில்லிமீட்டரை நம்பித்தான் தினமும் ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் ஓடுகிறோம், குடும்பத்தோடு ஜெபல் ஹஃபீத்தில் ஏறி இறங்குகிறோம். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

"அதுக்குத்தான் பாஸிங் இருக்கே" என்பீர்கள். முல்கியா புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனை, பிரேக் அன்றைக்குப் பிடிக்கிறதா என்றுதான் சொல்லும். அடுத்த ஒரு வருடத்துக்குப் பேட் தாங்கும் என்று அது எழுதிக் கொடுப்பதில்லை.

"கராஜில் பார்த்துக்கொள்வார்கள்" என்பது அடுத்த பதில். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் முசஃபாவிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாமல் போகிறவனிடம் "டிஸ்க்கும் போச்சு" என்று யார் சொன்னாலும் அவன் தலையாட்டத்தான் வேண்டும். பெட்டி அசல், உள்ளே இருப்பது போலி என்றாலும் அவனுக்குத் தெரியாது.

வேலை அப்படியொன்றும் மாயமில்லை. சமதரையில் நிறுத்தி, சக்கர நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் போல்ட்டை எடுத்து, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். பேடின் முகத்தில் கிரீஸ் படவே கூடாது. தூசியை ஊதாதீர்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும்.

"தப்பு செய்தால் உயிர் போகுமே" என்பது நியாயமான பயம். அதனால்தான் முதல் தடவை, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன் சக்கரங்களில் மட்டும் செய்யச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள பின் சக்கரங்களைக் கராஜுக்கே விடுங்கள். நாத்தூரிடம் கேட்காமல் கட்டடப் பார்க்கிங்கில் தொடங்காதீர்கள். குளிர்கால வெள்ளி, சனி காலை போதும்.

காசு மிச்சமாகும் என்று நான் வாதாடவில்லை; பெரிதாக மிச்சமாகாது. என் கோபம் வேறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது, அவ்வளவு வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே அந்த வெக்கையில் குனிந்து நிற்பவரிடம், ஏசி காரிலிருந்து இறங்காமல் இருபது திர்ஹாமுக்குப் பேரம் பேசுகிறோம். ஒரு போல்ட்டோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவனுக்கு அந்தப் பேரம் வாயில் வராது. "லேபர் சீப்" என்ற சொல்லே கூசும்.

பேட் மாற்றுவது அப்புறம் இருக்கட்டும். இன்று மாலை சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்து, பேட் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்று பாருங்கள். அப்பாவின் காரிலும் பாருங்கள்.