கல்யாணம் மருந்தல்ல

எங்கட அலவத்துகொடயில் மாதவிடாய் வலிக்கு இன்றைக்கும் ரெண்டே மருந்து: கொத்தமல்லி அவிச்ச தண்ணி, கல்யாணம். கல்யாணம் முடிச்சும் வலிச்சா, "ஒரு பிள்ளை பெத்தா சரியாகிடும்."

எங்கட ராத்தா மூணு பெத்துட்டா. மாசத்தில் அஞ்சு நாள் இன்னமும் சுருண்டு கிடக்கிறா. அந்த நாட்களில் மாத்தளை–கண்டி பஸ்ஸில் ஏறவே பயம், சீட்டில் கறை பட்டுடுமோ என்று.

அதுக்குப் பேர் அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வு அதன் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது. மாதாமாதம் அதுவும் சுவருக்குள் வீங்கும், கசியும், கர்ப்பப்பை பெருக்கும். ரொக்கிடான்ஸ்கி 1860இலேயே விவரித்த நோய். பிள்ளை பெற்றவர்களிடம்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்போ எந்த வாயால "பெத்தா சரியாகும்" என்றீங்க?

ஸ்கேனில் கண்டுபிடிக்கலாம். ட்ரனெக்சாமிக் அசிட் இரத்தப்போக்கைக் குறைக்கும்; ஹோர்மோன் லூப் பலருக்கு வலியையும் குறைக்கும். கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. அதைத்தான் (அதுவும் கிசுகிசுப்பாக) முதலில் சொல்றாங்க.

அரசின் சுகவனிதையர் கிளினிக் 35 வயதில் கூப்பிடுது. நல்ல விஷயம்தான். ஆனா வலி 35 வரைக்கும் காத்திருக்குமா?

ராத்தா ஸ்கேனுக்குப் போனது 11 வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் வீட்டில எல்லாரும், நானும்தான், அவவைச் சோம்பேறி என்றோம்.