விருந்தினன் கடன்

கீழப்பழுவூர், அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதியாகும். அங்குள்ள ஆலந்துறைத் திருக்கோயிலில் மலையாளர் வழிபட்டதனைத் திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் குறித்துள்ளார். மேற்கு மலைக்கு அப்பாலிருந்து வந்தோர்க்கு அந்நாளில் உணவு விடுதி ஏது? ஊரார் இல்லங்களே அவர்க்குப் புகலிடமாய் இருந்திருத்தல் வேண்டும்.

இந்நாளில் அவ்வூர்ப் பக்கத்து இளைஞர் பலர் தாமே கடல் கடந்து, சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். மொழியறியா நாட்டில் புதிதாய் வந்திறங்கியவனுக்கு முதல் நாள் சோறிட்டுப் பாய் விரித்துக் கொடுத்த குடும்பம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஆண்டுகள் கழிந்து, கையில் பொருள் சேர்ந்தபின், அவன் அந்நாட்டிற்கு மீண்டும் பயணம் போகின்றான். மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் கண்டு களித்துவிட்டு, நேரம் மிகுந்தால் அக்குடும்பத்தாரைப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றான். இது முறையன்று. அவன் முதலில் மிதிக்க வேண்டியது அவ்வீட்டு வாயிற்படியே.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; விருந்தினனுக்கெனத் தனியே ஒன்று வகுத்தாரல்லர். ஆயினும் விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறலையும், அதனை அடுத்துச் செய்ந்நன்றியறிதலையும் வைத்தார். விருந்தினன் கற்க வேண்டிய பாடம் அவ்விரண்டனுள் அடங்கும் போலும்!

இதனை நடந்து காட்டியவர் காந்தியடிகள். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டிற்காக அவர் இலண்டன் சென்றார். மாநாடு கூடிய அரண்மனைக்கு அண்மையில் தங்குமாறு நண்பர் பலர் வற்புறுத்தினர். அவரோ, நகரின் கீழ்ப்புறத்தில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில், மியூரியல் லெஸ்டர் என்னும் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். அவ்வம்மையார் 1926இல் சபர்மதி ஆசிரமத்தில் அடிகளின் விருந்தினராய் இருந்தவர். அன்று விருந்துண்டவர் இன்று விருந்தளித்தார். அன்று அளித்தவர் இன்று ஏற்றார்.

மாடியிலிருந்த சிற்றறை ஒன்றே அவர்க்குப் போதுமானதாயிற்று. விடியுமுன் அத்தெருக்களில் உலாவுவார். அண்டை வீடுகளுக்குச் சென்று நலம் உசாவுவார். சிறுவர்கள் அவரைக் காந்தி மாமா என்றே அழைத்தனர். அவர் பிறந்தநாளில் பொம்மை நாய்களும் மெழுகுவத்திகளும் மிட்டாய்களும் கொடுத்தனுப்பினர். பேரரசின் அமைச்சரோடு வாதிட வந்த ஒருவர்க்கு இவற்றிற்கெல்லாம் பொழுது எங்கிருந்து வந்தது? பொழுதில்லை என்று சொல்லும் பயணிகள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள், இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் அடிகள் உரையாற்றினார். மேடையில் எண்பது வயது முதியவராய் ஹென்றி சால்ட் அமர்ந்திருந்தார். இளமையில், இலண்டனில் சட்டம் பயின்ற நாளில், புலாலுண்ணாமையை அறிவால் தெளிந்து மேற்கொள்ள அடிகட்கு உதவியது சால்ட் எழுதிய நூலே. நாற்பது ஆண்டு கழிந்தும் அக்கடனை அவர் மறந்தாரல்லர், அவையறியச் சொன்னார்.

திரும்பும் வழியில், டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் வில்நெவ் என்னும் ஊரில் ரொமேன் ரோலந்தின் இல்லத்தை அடைந்தார். ரோலந்து 1924இலேயே அடிகளின் வரலாற்றை எழுதியவர். ஆனால், இருவரும் அதுவரை நேரில் கண்டதில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் போல, காணாது வளர்ந்த நட்பு அது. ஐந்து நாள் அங்கே தங்கினார். நோயால் மெலிந்திருந்த ரோலந்து, விடைபெறுவதற்கு முந்தைய இரவில் விருந்தினர்க்காகப் பியானோவில் பேத்தோவனின் இசையை வாசித்தார்.

அடுத்த முறை போகலாம் என்று அடிகள் அன்று ஒத்திவைத்திருப்பின் என்னாகும்? சால்ட் 1939இலும் ரோலந்து 1944இலும் மறைந்தனர். அடிகளோ அதன்பின் ஐரோப்பா செல்லவேயில்லை.