காற்கூறும் முக்காற்கூறும்

விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் ஒரு பாடம் கேட்டுவிடலாம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என நின்று நின்று செல்லும் பயணிகள் வண்டியில் நாளும் போய்வரும் நமக்கு இது பட்டறிந்த உண்மை. தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஒருவர் மொழியியலை விளக்குவதைச் செவியில் வாங்கியபடி வயல்களையும் ஏரிக்கரைகளையும் பார்த்துக்கொண்டு வருவோம். கட்டணமில்லை, நுழைவுத்தேர்வில்லை, வருகைப்பதிவில்லை. நாம் முதுகலை பயின்ற காலத்தில் இப்படியொரு வகுப்பில் அமர வேண்டுமானால் சென்னைக்குப் போய் விடுதியில் தங்கியிருக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் நம் வகுப்பிலேயே பலர் இருந்தனர்.

ஒருநாள் மாலை எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த இயற்பியல் மாணவர் ஒருவர், நாம் கேட்பது போன்றதொரு பாடத்தைத் தம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வந்தார். தமிழ்வழியில் பயில்பவர், மயிலத்தை அடுத்த சிற்றூரினர். எப்படி இருக்கிறது என்று வினவினோம். "பலகையில எழுதறது எல்லாம் புரியுதுங்கய்யா. நடுவுல பேசறதுதான் புரியல" என்றார்.

அந்த ஒரு விடை பல நாள் நம்மைத் தூங்கவிடவில்லை. பலகையில் எழுதுவது எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். எழுதுகோலைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, மாணவர் பக்கம் திரும்பி, "இதை ஏன் இப்படி எடுத்துக்கொள்கிறோம் தெரியுமா" என்று ஆசிரியர் தொடங்குகிறாரே, பாடம் என்பது அந்த இடத்தில்தான் இருக்கிறது. உலகம் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லும் வகுப்பறையில் நம் மாணவருக்குப் பலகை திறந்திருக்கிறது. ஆசிரியரின் வாய் மூடியிருக்கிறது.

இவ்வகைத் திறந்த பாடங்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். தன் பாடப்பொருள்களை யாவர்க்கும் இலவசமாக இணையத்தில் இடப்போவதாக அக்கழகம் 2001 ஏப்ரலில் அறிவித்தது. அரிய செயல்தான், ஐயமில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்னரே, 2001 பிப்ரவரி 17 அன்று, சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றுவிட்டது. 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, வா.செ. குழந்தைசாமி அவர்களின் சிந்தனையில் உருப்பெற்ற நிறுவனம் அது. இப்பொழுது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். அதன் பாடங்களையும் உரைகளுடன் கூடிய இலக்கண இலக்கியங்களையும் இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்கும் மூன்றாண்டு முன்பு, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவருகிறது. தமிழாசிரியர்களாகிய நம்மில் எத்தனை பேர் இவ்விரண்டையும் திறக்காமல் வகுப்புக்குப் போகிறோம்? நாம் போவதில்லை, வெளிப்படையாகச் சொல்வதில் நாணமில்லை.

ஆகவே தமிழ் பின்தங்கியது என்பது பொய். தமிழ் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது என்பதே சரி. வெளிநாடுவாழ் தமிழர் தம் மொழியையும் பண்பாட்டையும் கற்க வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் முதல் நோக்கம். எனவே அங்கே மொழியும் இலக்கியமும் செழித்தன. இயற்பியலும் பொருளியலும் புள்ளியியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வேறோரிடத்தில் வளர்ந்தன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், 2017இல் நடுவண் அரசு தொடங்கிய சுவயம் தளமும் அவ்விடங்கள். என்.பி.டி.இ.எல். பாடங்களின் எழுத்துவடிவைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்துவருகிறார்கள். அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் நம் மாணவர்களின் கைக்கு உடனடியாக எட்டுவது, எந்திரம் அந்த நொடியிலேயே திரைக்கு அடியில் காட்டும் தமிழ். அந்தத் தமிழில் கம்பியின் வழியே மின்னோட்டம் பாய்வதில்லை, 'தற்போதைய' பாய்கிறது. காந்தப்புலம் காந்த வயல் ஆகிவிடுகிறது. நம் மாவட்டம் நெல்லும் கரும்பும் விளையும் மாவட்டந்தான். என்றாலும் காந்தத்திற்கு வயல் ஒதுக்கும் அளவுக்கு நிலவளம் இல்லை.

மின்னோட்டம், புலம், உந்தம், முடுக்கம் ஆகிய சொற்கள் ஏதோ புலவர் சபையில் தூங்குபவை அல்ல. பள்ளிப் பாடநூலில் அந்த மாணவர் படித்து, தேர்வெழுதி, மதிப்பெண் பெற்ற சொற்கள். கல்லூரி நிலைக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான அறிவியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டது. சொல் இருக்கிறது, நூல் இருக்கிறது. அச்சொற்களைக் கொண்டு வாய்திறந்து பேசும் பாடந்தான் இல்லை.

நிற்க. பாடம் என்பதைத் தமிழர் 'கேட்டல்' என்றே சொல்லிவந்திருக்கின்றனர். உ.வே.சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்போமே தவிரப் பாடம் படித்தார் என்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கற்றலுக்கு ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்கூறு. உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். மீண்டும் மீண்டும் கேட்பதன் பயனையும் அவர் சொல்கிறார். திரும்ப ஓடவிட்டுக் கேட்கும் வசதி அந்த வகையில் நன்னூலார்க்கு உவப்பானதே. ஆயினும் உலகின் மிகச்சிறந்த பேராசிரியர் திரையில் தோன்றினாலும் அவர் தருவது காற்கூறுதான். ஆங்கிலம் தடையாக நிற்பவர்க்கு அந்தக் காலிலும் பாதி போய்விடும்.

இதை நம் கல்வி நிருவாகத்தார் நினைவில் கொள்ள வேண்டும். சுவயம் பாடங்களின் வழி ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரை மதிப்பீட்டுப் புள்ளிகள் பெறலாம் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக்குழு இசைந்தது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஊரில் இல்லாத துறையை ஒருவர் கற்க இது கதவைத் திறக்குமானால் வரவேற்போம். அரசு கலைக் கல்லூரிகளில் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களுக்கும், ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் உழலும் கௌரவ விரிவுரையாளர்களின் கோரிக்கைக்கும் "திரைதான் இருக்கிறதே" என்று விடை சொல்ல இது பயன்படுமானால், முக்காற்கூற்றை எடுத்துக்கொண்டு காற்கூற்றை நீட்டுவதாகும். தமிழ்வழி என்பது எத்தனை எளிதில் கைவிடப்படும் என்பதையும் பார்த்திருக்கிறோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியில் தொடங்கிய கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தன் உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் நிறுத்தப்போவதாக 2023இல் அறிவித்து, எதிர்ப்பெழுந்த பிறகே விலக்கிக்கொண்டது. சேர்வோர் குறைவு என்பது காரணம். சேர்ந்தவர்க்குக் கேட்கத் தமிழில் என்ன பாடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மீண்டும் அந்த மயிலத்து மாணவரிடம் வருவோம். அவருக்கு இடறிய இடம் வெப்ப இயக்கவியலின் முதல் விதி. வேதியியல் நூலில் வேலைக்கு முன் கூட்டல் குறி. இந்தப் பேராசிரியர் பலகையில் கழித்தல் குறி இட்டிருக்கிறார். எது சரி? நமக்கு இயற்பியல் தெரியாது. ஆங்கிலம் ஓரளவு தெரியும். இருவருமாக அந்தப் பகுதியை மும்முறை ஓடவிட்டோம். பேராசிரியர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்: அமைப்பு தானே செய்யும் வேலையை எண்ணினால் ஒரு குறி, அமைப்பின்மீது செய்யப்படும் வேலையை எண்ணினால் மற்றொன்று. "செய்வினை, செயப்பாட்டுவினை மாதிரிங்களா ஐயா?" என்றார் மாணவர். இருபது ஆண்டு இலக்கணம் நடத்தியதில் அத்தகைய மகிழ்ச்சி நமக்கு அதிகம் வாய்த்ததில்லை.

அன்று தொடங்கியது. சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆளில்லாத வகுப்பறை ஒன்றில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒரு பாடத்தை ஐந்து நிமிடத்திற்கொரு முறை நிறுத்தி, கேட்டதை ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர் மறுக்கலாம். அரைமணிநேரப் பாடம் முதல்நாள் இரண்டரை மணிநேரம் பிடித்தது. சொல் தேடித்தருவது நம் வேலை. தருகிற சொற்களையெல்லாம் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டா. என்ட்ரோபிக்கு நாம் அரும்பாடுபட்டுக் கொண்டுபோன தூய தமிழ்ச்சொல்லைக் கேட்டுச் சற்றுநேரம் மரியாதையாக அமைதி காத்துவிட்டு, "என்ட்ரோபின்னே இருக்கட்டுங்கய்யா" என்றனர். தோற்றதில் நமக்கு வருத்தமில்லை; பள்ளிப் பாடநூலும் அப்படித்தான் எழுதுகிறது.

பாடம் முடிந்ததும் அதை முழுதும் புரிந்துகொண்ட ஒருவர் கரும்பலகை முன் நின்று தம் சொந்தத் தமிழில் சொல்ல, இன்னொருவர் கைப்பேசியில் பதிவுசெய்கிறார். மின்விசிறியின் ஓசை கேட்கும். வெளியே யாரோ யாரையோ அழைப்பது கேட்கும். பன்னிரண்டு பாடங்கள் சேர்ந்திருக்கின்றன. திண்டிவனத்தில் பயிலும் நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பதாவதில் வேலையின் குறி ஓரிடத்தில் மாறிவிட்டது என்று அங்கிருந்து ஒரு மாணவி சொல்லியனுப்பியிருக்கிறார். வரும் சனிக்கிழமை அதைத் திரும்பப் பதிய வேண்டும்.