குடிலுக்குள் சிலந்தி கொல்லத்தக்கதா?

மகாகணபதி கோயிலாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ரஞ்சன்காவ் அமைந்துள்ள புனே மாவட்டத்தில், தளேகாவ் போன்ற இடங்களில் நெகிழித்தாள் வேய்ந்த குடில்களுக்குள் ரோஜா பெருமளவிற் பயிராகின்றது. இத்தகைய குடில்களில் நூலாம்படை தென்பட்டவுடனே மருந்து தெளிக்குமாறு கூறுவது சரியன்று.

குழப்பத்திற்குப் பெயரே காரணம். இலையின் அடியில் நுண்ணிழை பின்னிச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப்பேன் உண்மையில் சிலந்தியன்று. அரை மில்லிமீட்டர் அளவேயான சிற்றுண்ணி. பெயரிட்டவர்மேற் பழியில்லை, இழை பின்னுவதில் அது சிலந்திக்கு இளைத்ததன்று. இரண்டிற்கும் கால்கள் எட்டே. ஆயினும் பேனின் உடல் ஒரே உருண்டை. சிலந்திக்கோ தலைமார்பும் வயிறும் மெல்லிய இடையாற் பிரிந்திருக்கும். சிலந்தி பயிரைக் கெடுப்பதில்லை. ஈ, அசுவினி முதலியவற்றை உண்டு வாழும்.

பைரித்திராய்டு வகை மருந்துகள் சிலந்தியையும் இரைகொல்லி உண்ணிகளையும் அழித்துவிட, பேனோ முன்னிலும் பெருகுகின்றது. வெப்பமும் வறட்சியும் மிக்க குடிலில் அதன் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். மூடிய குடிலில் தெளித்த நஞ்சைச் சுவாசிப்பவர் அங்கே பூப்பறிக்கும் கூலியாட்கள் என்பதும் எண்ணற்பாலது.

சிலந்தியே பேனை ஒழித்துவிடும் என்பாரும் உளர். அது மிகை. ஒன்றையொன்று தின்னும் இயல்பினதாதலின் அதனைத் திரளாக வளர்த்தல் அரிது. நன்மை செய்யும் பூச்சியையும் அது விடாது. ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் 1960களிலிருந்து பேனை அடக்கப் பயன்படுவது பைட்டோசியுலஸ் என்னும் இரைகொல்லி உண்ணியே.

ஆகவே களப்பணியாளர், மருந்துப் புட்டியை நாடுமுன், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சால் இலையடியை நோக்குதல் வேண்டும். ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்திலேயே இவ்விரண்டையும் மாணவர்க்கு அருகருகே காட்டலாம். செலவு ஒரு லென்சின் விலையே.