நாற்காலி எங்கே?

எங்கள் ஆரணி பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் சிறிய பேரூர். விடிவதற்கு முன்பே கும்மிடிப்பூண்டி கம்பெனி வண்டிகளுக்காகப் பெண்கள் டிபன் பையோடு நிற்பார்கள். கம்பெனியில் இடம் கிடைக்காதவர்கள் ஜவுளிக்கடை, நகைக்கடை என்று போவார்கள்.

சென்ற தேர்தல் சமயத்தில் அப்படியொரு ஜவுளிக்கடையைப் புறக்கணிக்கச் சொல்லி என் மாணவிகளின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. முதலாளி ஒரு கட்சித் தலைவருக்குச் சால்வை போர்த்தும் படம் கூடவே வந்தது. எனக்கும் பிடிக்காத கட்சிதான். வகுப்பு முடிந்ததும் ஒருத்தி தயங்கி நின்றாள்.

“அம்மா, எங்க அக்கா அங்கதான் சேல்ஸ்ல இருக்கா. கூட்டம் குறைஞ்சா புதுசா சேர்ந்தவங்களத்தான் முதல்ல நிறுத்துவாங்க. நான் அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணட்டுமா, வேணாமா?”

“அக்கா என்ன சொல்றா?”

“அவகிட்ட யாரும் கேக்கலையேம்மா.”

முதலாளியின் அரசியல் கருத்துக்காக அவர் கடையைப் புறக்கணிக்கலாமா? வெறும் கருத்துக்காக என்றால் கூடாது என்பேன். அவர் செய்த செயலுக்காக, அதனால் பாதிக்கப்பட்டவர்கள் அழைத்து என்றால், முதல் ஆளாக வாசலில் நிற்பேன்.

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சென்னையில் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்பதற்காக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு மீது சமூக ஊடகத்தில் கண்டனம் எழுந்தது. அவர் நிறுவனத்தையே புறக்கணிக்கச் சொன்னார்கள். அவர் மசியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் எதிர்த் தரப்பு கிளம்பியது. முஸ்லிம் குடும்பத்தில் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடப்பதைக் காட்டிய தனிஷ்க் விளம்பரத்துக்கு எதிராகப் புறக்கணிப்பு முழக்கம். நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. தன் ஊழியர்கள், கடைப் பணியாளர்களின் நலனையும் காரணமாகச் சொன்னது. விளம்பரத்தை முடிவு செய்தது யாரோ. பயந்து நின்றது கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்கள். கருத்துக்காகக் கடையைத் தண்டிக்கும் கத்தியை நாம் தீட்டினால், அது எப்போதும் நம் கையிலேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

2021 அக்டோபரில் சொமாட்டோ விவகாரம். தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம் ‘இந்தி தெரிந்திருக்க வேண்டும்’ என்று சொன்ன சேவை மைய ஊழியரை நிறுவனம் அவசரமாக வேலையை விட்டு நீக்கியது. பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டது. அந்த ஊழியர் ஒரு பெண். மொழிக் கொள்கை முதலாளியுடையது, கோபம் நம்முடையது, போன வேலை அவளுடையது.

புறக்கணிப்பு நம் மண்ணில் புதிய ஆயுதம் இல்லை. ஊர்விலக்கு என்ற பெயரில் சாதி இதைக் காலங்காலமாகச் சுழற்றியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிஞ்சு முகங்கள் மறக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது 2015ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம். ஆகவே புறக்கணிப்பு என்றதும் நான் கேட்பது: அடி மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? யார் அழைத்தார்கள்? என்ன செய்தால் இது முடியும்?

மேல்நோக்கிய அடிக்கும் நம்மிடம் மரபு உண்டு. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குப் போனார்கள். கள்ளில் கரைந்தது வீட்டுக்கு வர வேண்டிய கூலி, பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் திராவிடர் கழகம் மறியல் செய்தது, பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து. முதலாளியின் மனதை மாற்றச் சொல்லவில்லை, பலகையை மாற்றச் சொன்னார்கள். பலகையை மாற்றினால் மறியல் முடியும். கருத்துக்கு எதிரான புறக்கணிப்புக்கு அப்படியொரு முடிவே கிடையாது.

‘நம் காசு வெறுப்பு அரசியலுக்கு நன்கொடையாகப் போகிறதே?’ என்பார்கள். போகிறது என்றால் அது கருத்து இல்லை, செயல். ஆதாரத்தோடு எழுதுங்கள், கேளுங்கள், மறியுங்கள். மனம் ஒப்பாத கடைக்குப் போகாமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுப் போராடிவிட்டதாக நினைக்காதீர்கள். பக்கத்துக் கடை முதலாளி நம் கட்சிக்காரராகவே இருக்கட்டும். அங்கே விற்பனைப் பெண் எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று என்றாவது பார்த்தோமா?

கோழிக்கோட்டில் விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்பில் திரண்ட கடைப் பெண்கள் உட்கார்வதற்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நாற்காலியைத் தேடிப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த மாணவி வந்தாள். “அக்காகிட்ட கேட்டேம்மா. வராம இருக்காதீங்கன்னு சொன்னா. வந்து, சூப்பர்வைசர் காதுல விழுற மாதிரி, ‘இந்தப் பொண்ணுங்க உக்கார சேர் எங்க?’ன்னு கேளுங்கன்னா. அவங்க கேட்டா வேலை போயிடும். நாம கேட்டா யாருக்கும் போகாதாம்.”

சனிக்கிழமை ஆறு பேர் போனோம். ஆறு பேரும் கேட்டோம்.