ஆய்வுக்கு ஒரு கணக்கு, பிரசாரத்துக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவில் பறக்கும் தட்டு ஆய்வுக்கு மறுபடியும் நன்கொடை சேர்கிறது. ஹார்வர்டு வானியற்பியலாளர் அவி லோப் 2021இல் தொடங்கிய கலிலியோ திட்டம், தனியார் தந்த பணத்தில் வானைக் கண்காணிக்கும் கருவிகளை நிறுவியிருக்கிறது. மனிதர் செய்யாத ஊர்திகளை அரசு ஒளித்துவைத்திருக்கிறது என்று முன்னாள் விமானப்படை உளவு அதிகாரி டேவிட் கிரஷ் 2023 ஜூலையில் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப்பிரமாணம் செய்து சொன்னார். அதன் பிறகு இந்தத் துறையின் மீது விழும் வெளிச்சம் இன்னும் கூடியிருக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகள் இந்தத் தேடலுக்கு நிதி தருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதே அமைப்பு, அதே பணத்தைக் கொண்டு, தான் எதிர்பார்க்கும் முடிவுக்குப் பிரசாரமும் செய்யக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கான பாடம் 1979இல் தொடங்கப்பட்ட ஒரு நிதியத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஃபண்ட் ஃபார் யூஎஃப்ஓ ரிசர்ச் என்பது அதன் பெயர். அமெரிக்கக் கடற்படையில் ஒளியியல் இயற்பியலாளராகப் பணியாற்றிய புரூஸ் மெக்கபி அதன் முன்னணியில் இருந்தார். அப்படி ஒரு நிதியம் ஏன் தேவைப்பட்டது? பறக்கும் தட்டுத் தகவல்களை ஆராய்ந்துவந்த தன் புளூ புக் திட்டத்தை விமானப்படை 1969 டிசம்பரில் மூடியது. 1947 முதல் அதுவரை வந்திருந்த 12,618 தகவல்களில் 701க்கு விளக்கம் கிடைத்திருக்கவில்லை. விமானப்படையின் செலவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் நடத்திய ஆய்வு, இனிமேல் தேடுவதால் அறிவியலுக்குப் பயன் வருமென்று தோன்றவில்லை என்று முடித்துவிட்டது. அரசும் பல்கலைக்கழகங்களும் கையைக் கழுவிய இடத்தில் குடிமக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து பணம் போட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

அவர்களுடைய சந்தேகமும் வெறும் கற்பனையில் முளைத்ததல்ல. 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு, மக்களுக்குப் பறக்கும் தட்டுகளின் மீதுள்ள ஈர்ப்பைத் தணிக்க ஊடகங்களைப் பயன்படுத்தலாம் என்றும், இதில் ஈடுபட்டுள்ள தன்னார்வக் குழுக்களைக் கண்காணிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. தன் சொந்தக் குடிமக்களின் ஆர்வத்தைக் கண்காணிக்கச் சொன்ன அரசு, பிறகு அவர்கள் நம்பவில்லையே என்று வருத்தப்பட முடியாது. எஃப்பிஐயின் பழைய பறக்கும் தட்டுக் கோப்புகளைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியே வெளியே கொண்டுவந்தவர்களில் மெக்கபி முக்கியமானவர். அந்தக் கோப்புகளில் வேற்றுக்கிரகவாசிகள் இருந்தார்களா என்பது இரண்டாம் கேள்வி. அரசின் கோப்புகளைத் திறக்கவைத்ததே ஒரு பொதுத் தொண்டுதான்.

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ரோஸ்வெல் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1947 ஜூலை 8 அன்று, பறக்கும் தட்டு ஒன்றைக் கைப்பற்றியதாக அங்கிருந்த ராணுவ விமானத் தளமே அறிவித்தது. உடனே ராணுவம் பேச்சை மாற்றிக்கொண்டு, அது வானிலை பலூன் என்றது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நிதியம் பணம் செலவழித்து சாட்சிகளைத் தேடிப்பிடித்து, அவர்களின் வாக்குமூலங்களைக் காணொளியாகவும் உறுதிமொழிப் பத்திரங்களாகவும் தொகுத்தது. அதே காலத்தில் அம்மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் ஷிஃப் கேள்வி எழுப்பினார். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் விசாரணையில் இறங்கியது. விளைவு என்ன? சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியை மேல்வானில் கேட்டறிவதற்காகப் பலூன் தொடர்களைப் பறக்கவிட்ட மோகல் என்னும் ரகசியத் திட்டத்தின் சிதைவுகளாகவே அவை இருக்கக்கூடும் என்று விமானப்படை 1994 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அந்தத் தளத்தின் அக்கால நிர்வாகக் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்ததை 1995இல் தணிக்கை அலுவலகம் பதிவுசெய்தது. 47 ஆண்டுகளாக அரசு முழு உண்மையைச் சொல்லவில்லை என்பது உறுதியானது. வேற்றுலக ஊர்தி விழுந்தது என்பதோ உறுதியாகவில்லை.

இதில் நிதியத்துக்கு மிகப் பெரிய பெருமை சேர்ப்பது இன்னொரு செய்தி. நிதியமே 1994இல் வெளியிட்ட கார்ல் ஃப்ளாக்கின் ஆய்வறிக்கையும், சிதைவுகள் மோகல் பலூனுடையவையாக இருக்கலாம் என்றுதான் சொன்னது. நன்கொடையாளர்களில் பலர் கேட்க விரும்பாத பதில் அது. அதை அச்சிட்டு விநியோகிக்கும் நேர்மை அந்த அமைப்புக்கு அன்று இருந்தது.

அந்த நேர்மை எல்லா முடிவுகளிலும் தொடரவில்லை. 1980களில், வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்திச் சென்றதாகச் சொன்ன ஒன்பது பேருக்கு உளவியல் சோதனை நடத்த நிதியம் உதவியது. சோதித்த உளவியலாளருக்கு அவர்களின் கதை முன்கூட்டியே சொல்லப்படவில்லை. நல்ல ஆய்வு முறை, பாராட்டுகிறோம். ஒன்பது பேருக்கும் கடுமையான மனநோய் எதுவும் தென்படவில்லை என்று அவர் கண்டார். ஆனால் மனநோய் இல்லாத ஒருவர் தவறாக நினைவுகூர மாட்டார் என்று அந்தச் சோதனை எங்கே சொன்னது? இத்தகைய கதைகளை வெளிக்கொணரப் பலமுறை பயன்படுத்தப்பட்ட ஹிப்னாடிசம் போலி நினைவுகளை உண்டாக்கக்கூடும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். இருந்தும் கடத்தல் கதைகளை நம்பியவர்களின் எழுத்துகளில் இந்த முடிவு கதைகளுக்கே வலுச்சேர்க்கும் சான்றாக எடுத்தாளப்பட்டது. ஆய்வகத்தில் ஓரளவே சொன்ன ஒன்று, பிரசாரத்தில் பல மடங்காகிவிட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் நன்கொடையாளர்கள் அல்லர். அச்சத்தோடு உதவி தேடி வந்து, அந்த அச்சம் உண்மை என்று உறுதிசெய்யப்பட்டுத் திரும்பிப் போனவர்கள்.

அடுத்தது மஜெஸ்டிக் 12. ரோஸ்வெல்லில் விழுந்த ஊர்தியை ஆராய அதிபர் ட்ரூமன் 1947இல் 12 பேர் கொண்ட ரகசியக் குழு அமைத்தார் என்று சொல்லும் காகிதங்கள் 1987இல் வெளிவந்தன. அவற்றை ஆராய நிதியம் 16,000 டாலர் கொடுத்தது. யாருக்கு? அணு இயற்பியலாளர் ஸ்டான்டன் ஃப்ரீட்மனுக்கு. ரோஸ்வெல் கதையை உலகறியச் செய்ததில் பெரும் பங்காற்றியவர் அவர். காகிதங்களை வெளியிட்டவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். அவருடைய உழைப்பையோ நேர்மையையோ நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரையே நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தது நிதியம். அந்தக் காகிதங்கள் போலி என்று விமானப்படை விசாரணையாளர்கள் எஃப்பிஐயிடம் தெரிவித்தார்கள். அதிலிருந்த ட்ரூமனின் கையெழுத்து, அவர் 1947 அக்டோபர் 1 அன்று பொறியாளர் வன்னெவர் புஷ்ஷுக்கு எழுதிய உண்மையான கடிதத்தின் கையெழுத்தோடு அப்படியே பொருந்துவதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரே கை இரண்டு முறை இம்மி பிசகாமல் கையெழுத்திடுவதில்லை. 16,000 டாலரில் ஒரு பகுதியையாவது, எந்தப் பக்கமும் சாராத ஆவணப் பரிசோதகர் ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம்.

பணம் கொடுப்பவர் ஒருவரே என்றாலும், கொடுக்கும் முறை மாறினால் விளைவு எப்படி மாறும் என்பதற்கு கோடீஸ்வரர் லாரன்ஸ் ராக்ஃபெல்லரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அவருடைய ஆதரவில் 1995இல் ஓர் அறிக்கை தயாரானது. இந்த நிதியமும் வேறு இரண்டு பெரிய அமைப்புகளும் அதற்கு ஒப்புதல் தந்தன. சிறந்தவை என்று அவர்கள் கருதிய சம்பவங்களைத் தொகுத்து, தலைவர்களின் கையில் கொடுப்பதற்காக எழுதப்பட்ட ஆவணம் அது. அதில் எதிர்வாதம் செய்ய ஆளில்லை. இரண்டே ஆண்டுகளில், அதே ராக்ஃபெல்லரின் உதவியோடு, ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் பீட்டர் ஸ்டரக் ஒன்பது அறிவியலாளர்களை நியூயார்க் மாநிலத்தின் பொகான்டிகோவில் கூட்டினார். ஆய்வாளர்கள் தங்கள் சான்றுகளை முன்வைத்தார்கள். முடிவு சொல்லும் பொறுப்பு அந்த ஒன்பது பேரிடம் இருந்தது. வேற்றுலக நுண்ணறிவுக்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள் அவர்கள். அதே மூச்சில், இயற்பியல் தடயம் உள்ள சம்பவங்களைக் கவனமாக ஆராய்ந்தால் அறிவியலுக்குப் பயன் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். 1995 ஆவணம் நம்பியவர்களைத் தாண்டி அதிகம் பேரை அசைக்கவில்லை. 1998இல் வெளிவந்த ஒன்பது பேரின் அறிக்கையை இன்றும் இரு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன.

பிரசாரம் செய்யாவிட்டால் நன்கொடை வராது என்பார்கள். வேற்றுலகச் சமிக்ஞைகளை ரேடியோ தொலைநோக்கியில் தேடும் செட்டி ஆய்வைப் பாருங்கள். அதற்கான நாசா நிதியை நாடாளுமன்றம் 1993இல் வெட்டியது. தனியார் நன்கொடையில் செட்டி நிறுவனம் 1995இல் ஃபீனிக்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 800 நட்சத்திரங்களைக் கேட்டுப் பார்த்து, 2004இல் எதுவும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த அறிவிப்பால் நிறுவனம் மூடப்பட்டுவிடவில்லை. மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலனின் பணத்தில் கலிபோர்னியாவில் எழுந்த தொலைநோக்கி வரிசை இன்றும் அந்தத் தேடலுக்கே உழைக்கிறது. இல்லை என்ற பதிலுக்கும் நன்கொடையாளர்கள் மதிப்புத் தருகிறார்கள், தேடிய முறை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தால்.

ஆய்வையும் பிரசாரத்தையும் பிரிக்கும் கட்டுப்பாடு இல்லாதபோது தனியார் ஆர்வம் அரசுக் கருவூலத்துக்குள்ளும் நுழைகிறது. பறக்கும் தட்டு ஆய்வுக்குச் சொந்தப் பணத்தில் நிறுவனம் நடத்திய லாஸ் வேகஸ் தொழிலதிபர் ராபர்ட் பிகலோவின் கம்பெனிக்கு, செனட்டர் ஹாரி ரீட்டின் முயற்சியால் 2008இல் பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் போனது. அத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 2.2 கோடி டாலர். 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதும்வரை பெரும்பாலான மக்களுக்கு இது தெரியாது. இதற்கு நேர்மாறாக, பறக்கும் தட்டுத் தகவல்களை ஆராய நாசா 2022இல் அமைத்த சுதந்திரக் குழுவுக்கான செலவு அதிகபட்சம் ஒரு லட்சம் டாலர்தான். குழுவின் கூட்டம் நேரலையில் ஒளிபரப்பானது. இப்போதுள்ள தரவுகள் தரமற்றவை, அளவுத்திருத்தம் செய்த கருவிகள் வேண்டும் என்று அது 2023 செப்டம்பரில் சொன்னது. பிரான்ஸ் இதை முன்னரே புரிந்துகொண்டது. அதன் விண்வெளி நிறுவனம் 1977 முதல் துலூஸ் நகரில் இந்த ஆய்வுக்கெனச் சிறு பிரிவொன்றை நடத்துகிறது. கோப்புகளை 2007 முதல் பொதுமக்கள் படிக்கத் திறந்துவைத்திருக்கிறது.

நன்கொடை அமைப்புகளிடம் நாம் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் அவற்றுக்கு வரிவிலக்கு உண்டு. அரசுக்கு வராமல் போகும் அந்த வரி, பறக்கும் தட்டுகளை நம்பாத குடிமகனின் பங்கும் சேர்ந்ததுதான். ஆண்டுதோறும் வரித்துறைக்கு அவை தாக்கல் செய்யும் அறிக்கையை யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் கொடுத்த பணத்தில் என்ன கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. எனவே யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், அவர் என்ன கேள்வியோடு தொடங்கினார், என்ன முடிவோடு வந்தார், முடிவே இல்லையென்றால் ஏன் இல்லை என்பதைத் தாங்களாகவே அச்சிட வேண்டும். யாருக்கு நிதி என்று தீர்மானிக்கும் குழுவில், பறக்கும் தட்டுகளைப் பற்றிப் புத்தகம் விற்பவர்களும் தொலைக்காட்சியில் தோன்றுபவர்களும் உட்காரக் கூடாது. சந்தேகிப்பவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்க வேண்டும். கூட்டம் கூட்டவும் காணொளி எடுக்கவும் தனியாக நன்கொடை திரட்டட்டும். கருவிக்கும் ஆவணச் சோதனைக்கும் வந்த பணத்தில் ஒரு டாலரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டறிக்கையிலேயே தொடங்கலாம்.