எலிக்கு விருந்து வைப்பது யார்?

வீட்டுக்கு வீடு எலிப் பொறி இருக்கிறது. கடைக்குக் கடை எலி மருந்து கிடைக்கிறது. பூனைகளும் இருக்கின்றன. ஆனாலும் எலி குறையவில்லை! காரணம் என்ன?

பொறி வைக்கிற கையே எலிக்குச் சோறும் வைக்கிறது. அதுதான் காரணம்.

இரவில் கழுவாமல் போட்ட சட்டி, மூடாத அரிசிப் பானை, தெரு முனையில் கொட்டிய எச்சில் இலை, இறைச்சிக் கடைக் கழிவு, எல்லாம் எலிக்கு விருந்து. இத்தனை விருந்தையும் வைத்துவிட்டு, மூலையில் ஒரு துண்டு கருவாட்டைப் பொறியில் மாட்டினால் எலி ஏன் அதை நாடப் போகிறது?

மாடிக்குக் குடியேறிய எலி

முன்பு எலியின் வீடு கூரையில் இருந்தது. கீற்றுக்குள்ளும் ஓட்டுக்கு அடியிலும் அது குடியிருந்தது. இரவில் இறங்கி வந்து குதிரில் இருந்த நெல்லைத் திருடியது.

இன்று குதிரும் இல்லை, பத்தாயமும் இல்லை. பல ஊர்களில் கூரை போய்க் காங்கிரீட் வந்துவிட்டது. எலி ஒழிந்துவிடும் என்று மக்கள் எண்ணினார்கள். எலி ஒழியவில்லை. தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டது!

கழிவுநீர்க் குழாய் அதற்கு ராஜபாட்டை ஆயிற்று. அது நீந்தும், குழாய் வழியாக மாடிக்கும் ஏறும். பெருச்சாளி நடைபாதைக்கு அடியில் வளை தோண்டுகிறது. அதைக் கண்டால் பூனையே ஒதுங்கிப் போகிறது. தெருவில் நிற்கும் காருக்குள் புகுந்து எலி ஒயரைக் கடிக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயையும் கடிக்கிறது.

ஒயரில் என்ன ருசி இருக்கிறது? ருசிக்காக அது கடிக்கவில்லை. எலியின் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்து கொண்டே இருக்கும். கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் அதனால் வாழ முடியும். காஸ் அடுப்பின் ரப்பர் குழாயும் அதன் பல்லுக்குத் தப்பாது. ஆகவே குழாயை அடிக்கடி பார்த்துக் கொள்வது நல்லது.

மூன்று வாரக் கணக்கு

எலியின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 3 வாரம். ஒரு தடவைக்கு 6 முதல் 10 குட்டி வரை போடும். ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடியும் சினைப்படும். குட்டிகளோ 3 மாதத்துக்குள் தாங்களே தாயாகத் தயாராகிவிடும்.

பத்து எலியைக் கொன்றால் என்ன லாபம்? தின்ன இரை இருந்தால், அந்த இடத்தைப் புதிய பத்து எலிகள் நிரப்பிவிடும். இரை இல்லாவிட்டால், கொல்லாமலே கூட்டம் குறையும். இந்தச் சின்னக் கணக்கைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெயில் கூடினால் எலியும் கூடும்

உலகில் வெப்பம் கூடி வருகிறது. அது எலிக்கு லாபம்! குளிர் நாடுகளில் பனிக் காலத்தில் எலி வளைக்குள் பதுங்கிக் கிடக்கும். குளிர் குறைந்தால் அது இரை தேடவும் குட்டி போடவும் அதிக நாள் கிடைக்கிறது.

விஞ்ஞானிகள் 16 நகரங்களின் எலிக் கணக்கை ஆராய்ந்து 2025 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். 11 நகரங்களில் எலி பெருகியிருந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன், நியூயார்க், கனடாவின் டொரண்டோ, ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆகியவை அவற்றில் சேர்ந்தவை. வெப்பம் அதிகம் கூடிய நகரங்களில் எலியும் அதிகம் கூடியிருந்தது. ஜப்பானின் டோக்கியோவிலோ குறைந்திருந்தது!

நியூயார்க்கில் வெகு காலமாகக் குப்பையைப் பைகளில் கட்டி நடைபாதையில் வைத்து வந்தார்கள். இரவெல்லாம் எலிக்குக் கொண்டாட்டம். 2023-ல் அந்த நகரம் எலி ஒழிப்புக்கென்றே தனி அதிகாரியை நியமித்தது. பிறகு குப்பையை மூடியுள்ள தொட்டியில்தான் போட வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. பணக்கார நகரமும் கடைசியில் குப்பைத் தொட்டியின் மூடியைத்தான் தேடி வந்தது!

வயலில் நடப்பது என்ன?

கிராமத்திலும் கதை இதுதான். ஒரு வயலில் அறுவடை, அடுத்த வயலில் நடவு, அதற்கும் அடுத்த வயலில் தொண்டைக் கதிர் என்று இருந்தால் எலிக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு. ஊரார் ஒன்றுகூடி ஏறக்குறைய ஒரே சமயத்தில் நட்டால், இடையே எலிக்குப் பட்டினிக் காலம் வரும்.

வரப்பு அகலமாக இருந்தால் அதற்குள் வளை தோண்டுவது சுலபம். குறுகிய வரப்பில் அது முடியாது. புல் பூண்டு மண்டிய வரப்பு எலிக்குத் திரை கட்டிய மாளிகை. வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக வைத்தாலே பாதி எலி வேறு இடம் தேடும்.

தஞ்சை வட்டாரத்து உழவர்கள் மூங்கிலால் கிட்டி செய்து வயலில் வைப்பார்கள். நெல்லைக் கடிக்க வரும் எலியின் கழுத்தை அது நெரித்துவிடும். காசு செலவில்லை, மண்ணுக்குக் கெடுதல் இல்லை. வளை வெட்டி எலி பிடிப்பதில் இருளர்கள் கைதேர்ந்தவர்கள். அந்தக் கைத்திறனுக்குக் கூலி கொடுப்பது விஷத்துக்குக் காசு கொடுப்பதைவிட மேல்.

ஆந்தையைக் கல்லால் அடிக்கலாமா?

எலியின் பெரிய பகைவர்கள் இருவர். ஒன்று சாரைப் பாம்பு. மற்றொன்று கூகை என்னும் ஆந்தை. இருவரையும் மனிதன் எப்படி நடத்துகிறான்?

சாரைக்கு விஷம் கிடையாது. ஆனாலும் கண்டவுடன் தடி தூக்குகிறார்கள். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று சொல்லிக் கல் எறிகிறார்கள். ஆந்தை அலறினால் சாவு வருவது மெய்தான். ஆனால் அந்தச் சாவு எலிக்கு!

மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கூகைகளுக்கென்று மரப் பெட்டிகள் செய்து கம்பத்தில் வைத்தார்கள். கூகைகள் வந்து குஞ்சு பொரித்தன; குஞ்சுகளுக்கு எலியைப் பிடித்துக் கொடுத்தன. இங்கே பெட்டி கூட வேண்டாம். வயலில் குறுக்குச் சட்டம் வைத்த குச்சிகளை நட்டால் போதும். இரவில் ஆந்தை அதன்மேல் அமர்ந்து காவல் காக்கும். சம்பளம் கேட்காத காவல்காரன்!

விஷம் யாரைக் கொல்கிறது?

எலி சந்தேகப் பிராணி. புதிய தீனியை முதலில் கொஞ்சம்தான் கடித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக் கொள்ளாவிட்டால் மறுபடியும் அதைத் தொடாது. ஆனால் குழந்தைக்கு அந்தச் சந்தேகம் கிடையாது.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை பார்ப்பதற்குப் பற்பசை போல இருக்கும். வயிற்றுக்குள் போனால் ஈரலை அழித்துவிடும். முதல் நாள் வாந்தி வரும். பிறகு ஓரிரு நாள் குணமானது போலத் தோன்றும். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. எவ்வளவு சிறிது உட்கொண்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்தார்கள். இரவு ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு குடும்பம் உறங்கியது. இரண்டு சிறு குழந்தைகள் இறந்து போயின. பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல் என்று பழமொழி உண்டு. இங்கே கொளுத்தப்பட்டது வீடு அல்ல, குலக்கொழுந்து!

வேறு சில மருந்துகள் எலியை மெல்லக் கொல்லும். மருந்து தின்று தள்ளாடும் எலியை ஆந்தை சுலபமாகப் பிடித்துத் தின்னும். பிறகு ஆந்தையும் சாகும். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடன் பெருகிவிட்டான் என்று அழுது பயன் என்ன?

விஷமே கூடாதா என்று கேட்கலாம். பயிர் அழியும் நிலை வந்தால், வேளாண்மை அதிகாரியின் யோசனைப்படி, வயலில் அளவோடு வைக்கலாம். அது கடைசி ஆயுதம். குழந்தை தவழும் வீட்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

காசில்லாத வைத்தியம்

கால் அங்குலச் சந்து இருந்தால் சுண்டெலி நுழையும். அரை அங்குலம் இருந்தால் எலி நுழையும். சந்தைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். குழாய் வாய்க்குக் கம்பி வலை போட வேண்டும். அரிசி, பருப்பைத் தகர டப்பாவில் மூடி வைக்க வேண்டும். படுக்கும் முன் பாத்திரம் கழுவ வேண்டும். நாய்க்கு வைத்த சோற்றில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

மழைக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயன் இல்லை. எலிக்கு அடுத்த வீட்டுக்குப் போக வழி தெரியும். தெருவே சேர்ந்து குப்பைத் தொட்டிக்கு மூடி போட வேண்டும். நகராட்சியும் பஞ்சாயத்தும் நாள் தவறாமல் குப்பையை அள்ள வேண்டும். சாக்கடையை மூட வேண்டும். வீட்டு வரி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடமை உண்டு.

எலி கெட்டிக்காரப் பிராணி. காலத்துக்கு ஏற்றபடி தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டது. அதற்குச் சோறு போடும் பழக்கத்தை மனிதனும் மாற்றிக் கொண்டால், மருந்துக் கடைக்குப் போக வேண்டிய வேலையே இராது!